ஏட்டில் இல்லாத கட்டம்

தில்லிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போலவே நாமும் எண்களை நம்பி வாழ்ந்தவர்கள். கணக்குத் தணிக்கை நம் தொழில். ஆதலால், இராமகிருஷ்ணபுரத்துச் சிறுவர்கள் ஞாயிறுதோறும் ஆடிய கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஓட்டக் கணக்கு எழுதும் பொறுப்பு இயல்பாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது. அந்த ஏட்டைக் கொண்டு நாம் செய்த பிழை ஒன்றை இம்மலரின் வாசகர்முன் வைக்க விழைகிறோம்.

இந்நகரின் கோட்லா மைதானத்துக்கும் சுழற்பந்துக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1965 மார்ச்சில், இருபது வயது நிறையாத சென்னை இளைஞர் வெங்கட்ராகவன் நியூசிலாந்துக்கு எதிராக அங்கே பன்னிரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். முதல் இன்னிங்சில் மட்டும் 72 ஓட்டங்களுக்கு 8. 1999 பிப்ரவரி 7 அன்று அனில் கும்ப்ளே பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் 74 ஓட்டங்களுக்குத் தாமே வீழ்த்தினார். டெஸ்ட் வரலாற்றில் அவருக்கு முன் அச்செயலைச் செய்தவர் 1956இல் ஜிம் லேக்கர் ஒருவரே.

எழுபத்து நான்குக்குப் பத்து என்பது கல்வெட்டு. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கல்வெட்டு கூறாது. அன்று பாகிஸ்தானின் முதல் இணை 101 ஓட்டங்கள் சேர்த்தது. உணவு இடைவேளைக்குப் பின் கும்ப்ளே முனை மாறி வீசினார். நெடிய உடல், உயர எழும் கை, சுழற்பந்துக்கு அரிதான வேகம். அவர் பந்து பெரிதாகத் திரும்பாது; திரும்பும் என்றெண்ணி மட்டையை நீட்டியவர்களே ஏமாந்தனர்.

அந்நாளில் நம் மகனுக்கு வயது பதினைந்து. அவனும் சுழற்பந்து வீசுபவன். முன்காலை உறுதியாக ஊன்றி, உடல் அதன்மேல் சுழல, கதவுக் குமிழைத் திருப்புவது போல் சுட்டுவிரலால் தையலைத் திருகிவிடுவான். பந்து சற்றே வெளியே மிதந்து, எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே விழுந்து, உள்ளே திரும்பும். தேர்ந்த மட்டையாளன் தலையை அசைக்காமல், வீசுபவனின் கையிலேயே பந்தைப் படித்து, பிறகே முன்காலையோ பின்காலையோ எடுத்து வைப்பான். அவசரக்காரனின் மட்டையோரத்தில் பட்டு, அருகில் நிற்பவரிடம் பந்து எழும்.

இவற்றையெல்லாம் நாம் கண்ணால் கண்டோம். ஆனால் ஏட்டையே நம்பினோம். ஒரு பருவம் முழுதும் அவன் எடுத்தவை ஒன்பது விக்கெட்டுகள். ஒன்றுக்கு முப்பத்தெட்டு ஓட்டங்கள். குழு ஒன்றின் தேர்வுக்கு அவன் புறப்பட்டபோது அக்கணக்கை அவன்முன் விரித்து வைத்து, "படிப்பைப் பார்" என்றோம். அவன் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. பந்து பரணுக்குப் போயிற்று.

2011 நவம்பரில், மற்றொரு சென்னை இளைஞர் அசுவின் அதே கோட்லாவில் தம் முதல் டெஸ்டை ஆடினார். மேற்கிந்தியத் தீவுகளின் இரண்டாம் இன்னிங்சில் 47 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள். அவ்விரவு தொலைக்காட்சியில் அக்காட்சிகளை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் மெல்லச் சொன்னான்: "அப்பா, ஸ்லிப்பில நின்ன பசங்க எத்தனை கேட்சை நழுவவிட்டாங்க! அதை எழுத உங்க நோட்டுல கட்டமே இல்லியே."

அச்சொல்லில் கோபம் இல்லை. அதனாலேயே அது ஆழத் தைத்தது.

இன்று கருவிகள் பந்தின் பாதையையும் சுழற்சியையும் அளந்து தருகின்றன. ஆயினும் ஆளைத் தேடிச் சென்று பார்க்கும் கண்ணுக்கு வேலை குறையவில்லை. இந்திய கிரிக்கெட் வாரியத்தின் திறன் தேடும் பிரிவுக்காக 2003இல் தோனியின் ஆட்டத்தைக் கண்டு பரிந்துரைத்தவர்களுள் ஒருவர் பிரகாஷ் போத்தார் என்னும் முன்னாள் வங்க வீரர். எண் பொய் சொல்வதில்லை. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது. கேளாததைக் கண்தான் கேட்க வேண்டும்.

நம் மகன் இப்போது விடுமுறை நாள்களில் அண்டைவீட்டுப் பிள்ளைகளுக்குப் பந்து வீசக் கற்றுத் தருகிறான். கணக்கு எழுதுபவர் பழைய ஆள்தான். புதிய ஏட்டின் வலப்புறம் அடிக்கோலால் கோடிழுத்துக் கட்டம் ஒன்று சேர்த்திருக்கிறோம். அதன் தலைப்பு: 'நழுவிய பிடிகள்'.