மூணாவது வருஷம்

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது 1984இல். அங்கிருந்து கடலை ஒட்டி வடக்கே மாமல்லபுரம் வரை வந்தால், ஈ.பி. கம்பி எட்டாத இடங்கள் இன்றும் கண்ணில் படும். சவுக்குத் தோப்பின் காவல் குடிசை, இறால் குட்டையோரக் கொட்டகை, பட்டா இல்லாததால் இணைப்பு இழுபறியில் கிடக்கும் இருளர் குடியிருப்பு. இவற்றுக்கு வெளிச்சம் தருவது கூரைமேல் ஒரு பேனலும் மூலையில் ஒரு பேட்டரியும்தான். அதை மாட்டுகிறவர்களோடு சில நாள் சுற்றினேன். சோலார் வேலைக்கு அரசு சான்றிதழ் தருகிறது என்று தெரியும். அந்தத் தாள் எதற்குச் சாட்சி சொல்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

கூட்டிப் போனவர் திருக்கழுக்குன்றம் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். 2012இல் தமிழ்நாடு மணிக்கணக்கான மின்வெட்டில் தவித்தபோது இன்வெர்ட்டர் மாட்டப் போய், அப்படியே பேனலுக்கு வந்தவர். படிப்பு எட்டாவது. உடன் வரும் பையன் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீசியன், அரசின் சூரியமித்ரா சோலார் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வைத்திருப்பவன். அவரை ‘அண்ணே’ என்கிறான்; அவர் இவனை ‘தம்பி’ என்பார், கோபம் வந்தால் ‘சர்ட்டிபிகேட்டு’ என்பார்.

முதலில் ஒரு தோப்பு வீடு. பெரியவர் பேட்டரியைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டார். ஆறு செல்லில் ஐந்து 1240ஐத் தாண்டின. ஒன்று மட்டும் 1150இல் நின்றது. வீட்டுக்காரர் டிஸ்டில்டு வாட்டருக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், அதுவும் கடலோரத்து போர் தண்ணீர். மாட்டியவர் யாரென்று கேட்டால் வீட்டுக்காரருக்கே நினைவில்லை. இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கம்பியில் வரும் கரண்டுக்கு ஒரு ஆபீஸ் உண்டு, லைன்மேன் உண்டு, திட்டுவதற்கு ஒரு போன் நம்பர் உண்டு. இங்கே மாட்டிவிட்டுப் போனவன்தான் ஆபீஸும் லைன்மேனும். அவன் காணாமல் போனால் அந்த வீட்டுக்கு மின்வாரியமே காணாமல் போனதாகத்தான் கணக்கு.

“இன்னா சார் டெஸ்ட்டு? மாட்டுன அன்னிக்கு எவன் மாட்டுனாலும் எரியும். மூணாவது வருஷம் எரியுதா, அதான் டெஸ்ட்டு” என்றார் பெரியவர்.

மூன்றாவது வருஷத்தில் எரியவைப்பது எது என்பதைக் கூரைமேல்தான் பார்க்க முடிந்தது. மாமல்லபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12.6 பாகையில் இருக்கிறது. பேனலைத் தெற்கு பார்த்து ஏறக்குறைய அந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்பது பாடம். பெரியவர் இன்னும் கொஞ்சம் தூக்கி வைக்கிறார். இங்கே பேட்டரி சாகிற காலம் ஐப்பசி, கார்த்திகை. மேகம் மூடிக்கொண்டு, சூரியனும் தெற்கே தாழ்ந்திருக்கும் நாட்கள். அரைகுறை சார்ஜில் நாள்கணக்காகக் கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும்; பிறகு எவ்வளவு வெயில் அடித்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. சாய்வு கூடினால் அந்த மாதங்களில் நாலு காசு கூடுதலாகச் சேரும், மழையும் தூசியைக் கழுவிப் போகும். மாமல்லபுரத்தில் தூசி சாதாரணத் தூசியில்லை. சிற்பக்கூடங்களில் உளியோடு கட்டிங் மெஷினும் ஓடுவதால் கருங்கல் மாவு காற்றில் ஏறிப் பேனலில் உட்காருகிறது. உப்பு ஈரத்தோடு அது சேர்ந்தால் துணியால் துடைத்துப் போகாது.

ஒயரில் தம்பி கெட்டி. 12 வோல்ட் சிஸ்டத்தில் பத்து ஆம்பியர் ஓடுகிறது; பேனலுக்கும் பேட்டரிக்கும் பத்து மீட்டர், போக வர இருபது. கடையில் சுலபமாகக் கிடைக்கும் இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரைப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் ஒன்றரை போனால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டில் போனால் எட்டில் ஒரு பங்கு. ஆறு ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.6 வோல்ட் அளவுக்கு இறங்கும். இதை அவன் மனக்கணக்காகவே சொன்னான்.

சுவிட்சையும் அவன்தான் மாற்றவைத்தான். ஏ.சி. மின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறி தானாக அணையும். டி.சி.க்கு அந்த இடைவெளி கிடையாது. நான்கு பேனலைத் தொடராகச் சேர்த்தால் 80 வோல்ட்டைத் தாண்டும். அதை வீட்டு லைட் சுவிட்சில் அணைத்தால் பொறி நீண்டு பிளாஸ்டிக்கைத் தின்னும். பெரியவர் பல வருஷம் சாதா எம்.சி.பி.யே மாட்டிவந்தவர். “கருகும், மாத்துவேன். ஏன் கருகுதுன்னு இவன் வந்துதான் சொன்னான்.” இதைச் சொல்ல அவர் கொஞ்சமும் கூசவில்லை. சான்றிதழ் வெறும் தாள் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம்.

காற்றில் கதை மாறுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக் கடற்கரைக்குக் கட்டுமானக் கணக்கில் எடுக்க வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். எண்ணைத் தம்பி சொன்னான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியபோது எது பறந்தது, எது நின்றது என்பதைப் பெரியவர் சொன்னார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் மட்டும் போல்ட் பிடித்தவை ஷீட்டோடு போயின. கீழே மரச்சட்டத்துக்கு இரும்புப் பட்டை கொடுத்து முறுக்கியவை நின்றன. அலுமினியச் சட்டத்தில் சாதா இரும்பு போல்ட் போட்டிருந்தால் உப்புக் காற்றே அதை அரித்து வைத்திருக்கும். புயலுக்கு மிச்ச வேலைதான்.

சூரியமித்ரா 2015இல் தொடங்கியது. தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்தும் 600 மணி நேரப் பயிற்சி. மூன்று மாதம் தங்கிப் படிக்க வேண்டும், கட்டணமில்லை. 2020 மார்ச்சுக்குள் 50,000 பேர் என்பது இலக்கு. பசுமை வேலைகளுக்கான திறன் கவுன்சில் தேர்வு வைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டம் ஈ.பி. கம்பியோடு இணைந்த கூரைகளுக்கானது. பேட்டரி அதற்குத் தேவையில்லை. மானியம் எந்தக் கூரையிலோ வேலையும் அங்கேதான். ஹைட்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருவதில் வியப்பில்லை.

பேட்டரிக்குப் பின்னால் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் வெளியில் தேட வேண்டாம். 2011-12இல் தமிழக அரசு பசுமை வீடு திட்டத்தைத் தொடங்கியது. 300 சதுர அடி வீடு, ஆண்டுக்கு 60,000 வீடு, ஒவ்வொன்றிலும் சோலாரில் எரியும் ஐந்து விளக்கு. வீட்டுக்கு ஒதுக்கிய 1.80 லட்சத்தில் 30,000 ரூபாய் விளக்குக்கு. பெரியவர் காட்டிய பசுமை வீடு ஒன்றில் பேனல் இன்னும் மாடியில் இருக்கிறது, மேலே வடகம் காய்கிறது. பேட்டரி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. “நாலு வருஷம் எரிஞ்சுது. அப்பால யார்கிட்ட சொல்றது?” என்றார் அந்த வீட்டு அம்மா. திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இருட்டில் இருந்த வீட்டுக்கு நாலு வருஷ வெளிச்சம் பெரிய விஷயம்.

சான்றிதழைச் செய்த வேலைக்கும் சாட்சி சொல்லவைக்க முடியும். வட அமெரிக்காவில் நாப்செப் என்ற வாரியம் சோலார் நிறுவுநர்களுக்குச் சான்று தருகிறது. தேர்வோடு செய்து முடித்த வேலைகளையும் கணக்கில் கேட்கும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையே மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்திவருகிறது. வயது 21 நிரம்பி, ஒயரிங் வேலையில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத அனுபவம் இருந்தால் உட்காரலாம். கையில் இருக்கும் வேலையை அரசு மதிப்பதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. இந்தக் கரைக்கு அது புதிதுமில்லை. வடநெம்மேலியில் 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் அரசு உரிமத்தோடுதான் பாம்பு பிடிக்கிறார்கள். அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது, பள்ளிப்படிப்பைப் பார்த்து அல்ல. பேட்டரி, டி.சி., கடற்காற்று மூன்றையும் சேர்த்து அப்படியொரு தேர்வு சோலாருக்கு வந்தால், மூன்று வருஷத்துக்கு முன் மாட்டிய ஒரு வீட்டுக்குத் தேர்வாளரைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்பதையும் நிபந்தனையாக்கலாம்.

தம்பி இப்போது அந்தக் கம்பியாள் தேர்வுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறான். ஐந்து வருஷ அனுபவம் சரியாக இருக்கிறது. அனுபவச் சான்று யாரிடம் வாங்குவது என்பதில்தான் நிற்கிறான். வேலை கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு உரிமமும் இல்லை, லெட்டர்பேடும் இல்லை.