புகைக்குப் பயந்து டிராக்டரை விற்பதா?

ஆலங்காயம் பக்கத்து விவசாயி ஒருவரின் 35 ஹெச்.பி. டிராக்டருக்கு இருபது வயது. 'புதுப் புகை விதி வந்தாச்சு, இனி இது ஓடாது, மாத்திடுங்க' என்று புரோக்கர் நெருக்க, வீட்டு நகை அடகுக்குக் கிளம்பிவிட்டது.

2023 ஜனவரியில் வந்த 'டிரெம் 4' விதி, புதிதாகத் தயாராகும், 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். வயலில் ஓடும் பழைய வண்டியை அது தொடுவதில்லை. புரோக்கர் இதைச் சொல்வாரா?

ஆனாலும் கரும்புகையை அப்படியே விடக்கூடாது. சரியாக எரியாத டீசல் அது, காசுதான் போகிறது. ஏர் கிளீனரில் சேறாகிக் கிடந்த ஆயிலை அவர் மாற்றினார். வாணியம்பாடியில் நாசில் அழுத்தத்தைச் சரிசெய்து கொடுத்தார்கள். புகை பெருமளவு அடங்கியது.

நீலப் புகை என்றால் கதை வேறு. ரிங் தேய்ந்து இன்ஜின் ஆயில் எரிகிறது. பிரித்துப் பார்த்தாக வேண்டும்.