ஆர்லாண்டோவில் இரண்டு வரிசைகள்

வண்டியை நிறுத்தவே 30 டாலர். சாவடியில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு அட்டையை வாங்கித் தேய்த்துவிட்டு, நாள் இனிதாகக் கழியட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார். மணி எட்டுகூட ஆகவில்லை. அதற்குள் வாகன நிறுத்தத்தில் பாதி நிரம்பிவிட்டது. பகுதிகளுக்குக் கதாபாத்திரங்களின் பெயர்கள்: நல்லவர்கள் ஒரு பக்கம், வில்லன்கள் இன்னொரு பக்கம். எங்களுக்குக் கிடைத்தது வில்லன் பக்கம், ஜாஃபர். வரிசை எண்ணைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளையும் சாம்பலுமாக ஒரே மாதிரி வேன்கள். ஒஹாயோ, டென்னசி, ஜார்ஜியா, கென்டக்கி என்று எண்பலகைகள். கூரையில் பெட்டி கட்டிய வண்டிகளும் ஏராளம். விமானச் செலவை மிச்சம் பிடித்து வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

நாங்களும் அந்த ரகம்தான். அண்ணன் மகன் குடும்பம் அட்லாண்டாவில் இருக்கிறது. அவன், அவன் மனைவி, பதினொரு வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், விருந்தாளியாகப் போன நான். முந்தின நாள் முழுக்கக் காரிலேயே வந்து, கிஸ்ஸிம்மியில் 192ஆம் நம்பர் சாலையோரம் இருக்கும் மோட்டல் ஒன்றில் தங்கினோம். காலையில் இலவச வாஃபிளும் காபியும் உண்டு. டிஸ்னி வளாகத்துக்குள்ளேயே விடுதிகள் இருக்கின்றன, ஆனால் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் அவற்றின் வாடகையை விசாரிப்பதே வீண் என்றான் அவன்.

"டிக்கெட்தான் அத்தை செலவு. அதை எடுத்துட்டா உள்ள எல்லா ரைடும் ஃப்ரீ" என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். படிக்கிற காலத்தில் நண்பர்களோடு வந்து போனவன். நான் தலையாட்டினேன். எங்கே போனாலும் விலையைக் குறித்துக்கொள்வது என் பழக்கம், நோட்டுப் புத்தகம் கைப்பையில் இருந்தது.

முதல் வரியாக நுழைவுச்சீட்டை எழுதினேன். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பூங்காக்கள். நாங்கள் போனது மேஜிக் கிங்டம். சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும். 2025இல் இந்தக் கடைசி வாரம்தான் உச்சம்: பெரியவர்களுக்கு 199 டாலர், மூன்று முதல் ஒன்பது வயது வரை 194. பத்து வயதானால் பெரியவர் கணக்கு. ஆக அவர்கள் நால்வரில் மூவர் பெரியவர்கள். ஆறரை விழுக்காடு வரியும் சேர்ந்து 842 டாலர். என் சீட்டு தனி.

ஆண்டின் மிக மலிவான நாளில் 119 டாலருக்கும் சீட்டு உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் அது அனிமல் கிங்டம் என்ற வேறொரு பூங்காவுக்கு, அதுவும் பள்ளிக்கூடம் நடக்கிற நாளில். பிள்ளைகளுக்காகவே போகிற குடும்பத்துக்கு அந்த மலிவு எப்படி உதவும்?

வாகன நிறுத்தத்திலிருந்து பூங்கா வாசல் கண்ணில் படாது. நடுவில் வெட்டி உண்டாக்கிய ஏரி. மோனோரயிலில் போகலாம், படகில் போகலாம், இரண்டுக்கும் கட்டணமில்லை. அதற்கு முன்னால் பைச் சோதனை. மருமகள் காலையில் மோட்டல் அறையில் மின்குக்கரில் சாதம் வைத்துக் கிளறிய புளியோதரை, ஆளுக்கு ஒரு டப்பா. வெளிச் சாப்பாட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று அட்லாண்டாவில் யாரோ அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். சோதனை செய்த இளைஞர் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாதாம். முன்னால் நின்றவர் பையில் ஒரு முழு ரொட்டிப் பாக்கெட்டும் வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவும் இருந்தன.

படகு பத்து நிமிடத்தில் அக்கரை சேர்த்தது. வாசலில் விரல் ரேகை வைத்து உள்ளே போனால் மெயின் ஸ்ட்ரீட். பாப்கார்ன் வாசனையும் சுட்ட சர்க்கரை வாசனையும் மூக்கைத் துளைக்கின்றன. தெருக்கோடியில் 189 அடி உயரத்தில் சின்ட்ரெல்லா கோட்டை. அழகாகத்தான் இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. குழந்தை கைதட்டிக் குதித்தாள். குதித்த வேகத்திலேயே மிக்கி காது வைத்த தலைப்பட்டையைப் பார்த்துவிட்டாள். 35 டாலர். நோட்டில் இரண்டாவது வரி. தள்ளுவண்டி வாடகை 15 டாலர், மூன்றாவது வரி. ஆறு வயதுக்குத் தள்ளுவண்டியா என்று கேட்கத் தோன்றியது. மாலைக்குள் அந்தக் கேள்வியைக் கைவிட்டேன்.

வரிசைகளை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். பெரும்பாலான ரைடுகளுக்கு இரண்டு வாசல். ஒன்றில் காத்திருப்பு நிமிடம் எழுதியிருக்கும். இன்னொன்று லைட்னிங் லேன், பணம் கட்டியவர்களுக்கு. அண்ணன் மகன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வந்த காலத்தில் இந்தக் குறுக்குவழிக்கு ஃபாஸ்ட்பாஸ் என்று பெயர். 1999இல் தொடங்கியது, இலவசம். 2021 அக்டோபரில் அதைக் கட்டணமாக்கிவிட்டார்கள். பெயர் இரண்டு முறை மாறி இப்போது இந்த மின்னல் வழி. பல ரைடுகளுக்குச் சேர்த்து வாங்கினால் இந்த வாரத்தில் வரியோடு ஆளுக்கு நாற்பது டாலருக்குக் குறையாது. ட்ரான் போன்ற புது ரைடுக்குத் தனியாக இருபதுக்கு மேல். எந்த வரிசையிலும் நேரம் குறிக்காமல் நேரே நுழைய வேண்டுமா? பிரீமியர் பாஸ் இருக்கிறது, உச்ச நாளில் ஆளுக்கு 449 டாலர், நுழைவுச்சீட்டு இல்லாமல். வளாக விடுதியில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்பே மின்னல் வழியில் நேரம் பிடித்துவிடலாம். மோட்டல்காரர்களான எங்களுக்கு மூன்று நாள்தான். நல்ல நேரங்களெல்லாம் அதற்குள் போய்விட்டன.

நம்மூர்க் கோயில்களில் பொது தரிசனம், சிறப்பு தரிசனம் என்று இரண்டு வழி இருப்பது போலத்தான் இதுவும். ஆனால் அங்கே பொது தரிசனத்துக்கு 199 டாலர் வாங்குவதில்லை.

முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பத்தரை மணிக்குப் பலகைகளைப் பார்த்த பிறகு, நால்வருக்கும் வாங்கிவிட்டான். எனக்கும் வாங்கப் போனான். நான் தடுத்துவிட்டேன். காசில்லாத வரிசை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு.

பீட்டர் பான் ரைடு. பூங்கா திறந்த 1971இலிருந்து ஓடுகிறது. பலகையில் 95 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நின்றேன். எனக்கு முன்னால் கென்டக்கிக் குடும்பம் ஒன்று, ஐந்து பேருக்கும் வீட்டிலேயே அச்சடித்த ஒரே மாதிரி பனியன். அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறாராம். போன வசந்தத்தில் வந்த வருமான வரித் திருப்புப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து இப்போது வந்திருக்கிறார்கள். நான்கு நாள் திட்டம் ஒரு நாளாகச் சுருங்கியது என்றார் அம்மா. புகார் மாதிரிச் சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துக் கடைக்குட்டியின் வாயில் வைத்துக்கொண்டே சொன்னார். மின்னல் வழி வாங்கவில்லையா என்று கேட்டேன். "ஐந்து பேர்" என்றார் அவர் கணவர். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வரிசை நகரும், நிற்கும். கடைசியில் இரண்டு வழிகளும் சேரும் இடம் வந்தது. ஒரு பணியாளர் கையைக் காட்டி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அதை எண்ணிப் பார்க்கத்தான் நான் வந்ததே. அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் போனால் எங்கள் பக்கம் மூன்று நான்கு பேர். சில சமயம் அந்தப் பக்கம் இருபது போன பிறகுதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். வேக வழிக்காரர்களால் பொது வரிசை தாமதமாகாது என்று அதற்கு முன் ஒருவர் எனக்கு அடித்துச் சொல்லியிருந்தார். கையைக் காட்டியவரின் கை வேறு கதை சொன்னது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இங்கே ஆரம்பச் சம்பளத்தை மணிக்கு 18 டாலர் ஆக்கவே தொழிற்சங்கங்கள் 2023 வரை பேசி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அன்றைய நுழைவுச்சீட்டின் விலையைச் சம்பாதிக்க அந்தக் கணக்கில் பதினொரு மணி நேரம் கை காட்ட வேண்டும்.

எனக்கு 80 நிமிடம் ஆனது. ரைடு மூன்று நிமிடம். பாய்மரக் கப்பலில் உட்கார்ந்து இரவு லண்டனுக்கு மேலே பறப்பது, கீழே ஊசி முனை விளக்குகள். பழைய வித்தை, இன்னும் மயக்குகிறது. வெளியே வந்தபோது எங்கள் ஆட்கள் அதே ரைடைக் கால் மணியில் முடித்துவிட்டு, வேறொன்றையும் பார்த்துவிட்டு, புளியோதரை டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. உணவுக் கவுன்டரில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் ஒரு குவளை சும்மாவே தருகிறார்கள். முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒரு பேட்ஜும் இலவசம். அதையும் வாங்கிக் குத்திக்கொண்டேன்.

பிற்பகலில் மேற்குப் பக்கம் நடந்தால் வழி நெடுக மறைப்புச் சுவர். பிக் தண்டர் மலை ரயில் ஜனவரியிலிருந்து மூடியிருந்தது. பூங்காவுக்குள் ஓடிய ஆறு, டாம் சாயர் தீவு, நீராவிக் கப்பல் மூன்றையும் ஜூலையில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள், கார்ஸ் படத்தை வைத்துப் புது இடம் கட்டுவதற்காக. கிழக்கே பஸ் லைட்இயர் ரைடும் பழுதுபார்ப்பில் இருந்தது. இருப்பது குறைந்திருக்கிற ஆண்டில்தான் விலை உச்சம்.

கால் கெஞ்சியது. டுமாரோலேண்டில் பீப்பிள்மூவர் என்ற மெதுவான வண்டி ஒன்று தலைக்கு மேலே சுற்றுகிறது. 1975இலிருந்து ஓடுகிறது. இதற்கு மின்னல் வழி கிடையாது, ஒரே வரிசை. பெரும்பணக்காரரும் கென்டக்கிக்காரரும் ஒருவர் பின்னால் ஒருவர். எனக்கு அன்று மிகப் பிடித்தது இதுதான். பக்கத்திலேயே கரோசல் ஆஃப் பிராகிரஸ், 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கென்று வால்ட் டிஸ்னி செய்த இயந்திர நாடகம். அதற்கும் ஒரே வாசல். ஒரு நடுத்தரக் குடும்பம் ஐஸ்பெட்டி, மின்விளக்கு, துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக வாங்கி வாழ்க்கையில் முன்னேறுகிறது. இருபது நிமிடம், குளிர்சாதனம், உட்கார நாற்காலி. அரங்கில் பாதிப் பேர் தூங்கினார்கள். நான்கு தலைமுறை வசதியைப் பற்றி ஓயாமல் பேசுகிற அந்த அப்பா, எதற்கு எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

அங்கே உட்கார்ந்து பழைய விலையை எழுதிப் பார்த்தேன். 1971 அக்டோபர் 1 அன்று வாசல் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவு மூன்றரை டாலர். இன்றைய காசில் 28 டாலர் அளவு. அப்போது ரைடுகளுக்குத் தனிச் சீட்டுப் புத்தகம் வாங்க வேண்டும், ஏ முதல் இ வரை தரம் பிரித்து. 1982இல் எப்காட் பூங்கா திறந்த சமயம் அந்தப் புத்தகத்தை ஒழித்து, ஒரே விலைக்கு எல்லாமும் என்று மாற்றினார்கள். அண்ணன் மகன் மனதில் இருந்தது அந்தக் காலம். இப்போது சீட்டுப் புத்தகம் கைபேசிக்குள் திரும்பி வந்துவிட்டது, அன்றைக்கு ரைடை விற்றார்கள், இன்றைக்கு நிற்கும் நேரத்தை விற்கிறார்கள். வாசல் விலை குறையவுமில்லை.

இரவு வாணவேடிக்கைக்கு இடம் தேடியபோது ஒரு மாடித் திண்ணையில் மேசை நாற்காலி போட்டு, இனிப்புத் தட்டுகளோடு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். நாங்கள் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நின்று பார்த்தோம். வானம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் எனக்கு முன்னால் நின்றவர் மகனைத் தோளில் வைத்திருந்தார்.

திரும்பும் படகில் கூட்டல் போட்டேன். நால்வருக்கும் சீட்டு, வண்டி நிறுத்தம், மின்னல் வழி, அப்பாவும் பையனும் மட்டும் போன ட்ரான், காது, தள்ளுவண்டி, மாலையில் வாங்கிய பர்கரும் ஐஸ்கிரீமும். பெட்ரோலும் அறை வாடகையும் சேர்க்காமல் 1,200 டாலரைத் தாண்டியது. இதை ரூபாயில் மாற்றிப் பார்த்து மலைப்பது சுலபம், அதனால் பயனில்லை. அமெரிக்காவில் நடுவில் நிற்கும் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2024இல் 83,730 டாலர். வாரத்துக்கு வரி பிடிப்பதற்கு முன் 1,600 சொச்சம். வாரச் சம்பளத்தில் முக்கால் பங்கு ஒரு பகலில் போய்விடுகிறது. விலை ஏறியதால் நடுத்தரக் குடும்பங்கள் வருவதே நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் பார்த்த வாகன நிறுத்தம் அப்படிச் சொல்லவில்லை. வருகிறார்கள். நான்கு நாளை ஒன்றாக்கி, ரொட்டியைக் கட்டிக்கொண்டு, நீளமான வரிசையில் நின்று வருகிறார்கள்.

நோட்டை அண்ணன் மகனிடம் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தான். "உள்ள எல்லாம் ஃப்ரீன்னு சொன்னேன்ல அத்தை?" என்று அவனே சிரித்தான். பிறகு கைபேசியைத் திருப்பிக் காட்டினான். அடுத்த கிறிஸ்துமஸ் வார விலை அதற்குள் போட்டாகிவிட்டது, 209 டாலர். "பாப்பாவுக்குப் பத்து வயசு ஆகிறதுக்குள்ள இன்னொரு தடவை வந்துரணும்" என்றாள் மருமகள்.