கோப்பெங் போகிறீர்களா? முதலில் மலையைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் வானொலி நிலையத்து வாட்ஸ்அப் எண்ணுக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம்தான். "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்? செலவு அதிகம் ஆகக்கூடாது. மால் வேண்டவே வேண்டாம்!" நான் தயங்காமல் சொல்லும் ஊர் பேராக்கில் இருக்கும் கோப்பெங். காலையில் ஆறு, மதியம் குகை, மாலையில் ஈப்போவில் ஒரு காப்பி. கோலாலம்பூரிலிருந்து நெரிசல் இல்லாத நாளில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்.

நெரிசல் இல்லாத நாளில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். போக்குவரத்துத் தகவல் வாசிக்கும் எங்களுக்கு 'குவா தெம்புரோங்' என்பது பல ஆண்டுகளாக ஒரு குகையின் பெயரே இல்லை. பெருநாள் காலத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் இடத்தின் பெயர். "தாப்பாவிலிருந்து குவா தெம்புரோங் வரை வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! அந்தச் சுண்ணாம்புப் பாறை மலைக்குள் ஓர் ஆறு ஓடுகிறது என்பது உள்ளே நடந்து பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எந்த மாதம் போகலாம்? நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. விடுமுறைதான் நம் கோடை. மேற்குக் கரையில் மழை அதிகம் கொட்டுவது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்: ஏப்ரல், மே வாக்கில் ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு முறை. ஜூன், ஜூலை ஓரளவு காய்ந்த மாதங்கள். ஓரளவுதான். மாலை இடிமழைக்கு நாள்காட்டி பார்க்கும் பழக்கம் இல்லை. ஆகவே ஆற்றைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்குத் தண்ணீரில் இருந்தால் மதியத்துக்குள் கரையேறிவிடலாம். "அசதியாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு இறங்கலாமே" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கோப்பெங்கில் டியூபில் மிதப்பது கம்பார் ஆற்றில். தித்திவங்சா மலைத்தொடரில் இருந்து இறங்கி, பிறகு கிந்தா ஆற்றோடு சேர்கிற ஆறு இது. நாம் மிதக்கும் இடத்தில் வெயில் பளிச்சென்று அடிக்கலாம். ஆனால் மேலே மலையில் ஒரு மணி நேரம் கொட்டிய மழை, நாம் சாண்ட்விச் பிரிக்கிற நேரத்தில் கீழே வந்து சேரும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள், தண்ணீரின் தலை என்று பொருள். தலை வந்தால் உடம்பு பின்னாலேயே வரும். தெளிந்த நீர் திடீரென்று பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறுவது, இலையும் குச்சியும் கொத்தாக மிதந்து வருவது, மேலிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கரைக்கு ஏறிவிட வேண்டும். பையை எடுக்க, செருப்பைத் தேட நிற்கக்கூடாது. இந்த நாட்டில் அருவிக்கரையில் உல்லாசமாகப் போன குடும்பங்கள் இப்படி அடித்துச் செல்லப்பட்ட செய்திகளை நானே ஒலிவாங்கி முன் வாசித்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் அடுத்த பாட்டைப் போடுவது எளிதல்ல.

சென்ற முறை நாங்கள் பதினான்கு பேர் போனோம். தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டியாகிவிட்டது. தலைக்கவசம், லைஃப் ஜாக்கெட் எல்லாம் மாட்டி, படம் எடுத்து முடித்த நேரத்தில் வழிகாட்டிப் பையன் மலைப்பக்கம் பார்த்தான். பிறகு தண்ணீரில் கை வைத்துப் பார்த்தான். "இன்றைக்கு வேண்டாம்" என்றான். அவன் செமாய் இனத்தைச் சேர்ந்தவன், அந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவன். என் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வெயில் அடிக்குது, தம்பி! நாங்க கிள்ளானிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்திருக்கோம்" என்றார். பையன் சிரித்தான், ஆனால் டியூபைத் தரவில்லை.

அன்று பெருவெள்ளம் ஒன்றும் வரவில்லை. அரைமணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகி, கரையில் நாங்கள் நின்ற கல் மூழ்கும் அளவுக்கு ஏறியது, அவ்வளவுதான். மாமா இன்றும் "போயிருக்கலாம்" என்றுதான் சொல்கிறார். போயிருந்தால் ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். பத்து வயதும் எட்டு வயதுமாக எங்களோடு நான்கு பிள்ளைகள் இருந்தார்கள் என்பதைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அதனால் இப்போதெல்லாம் முன்பதிவு செய்யும்போது நான் கேட்கும் முதல் கேள்வி விலை அல்ல. மழையால் நிறுத்தினால் பணம் திரும்புமா, இல்லை வேறு தேதி தருவார்களா என்பதுதான். நிறுத்துவது யார் முடிவு என்றும் கேளுங்கள். "உங்கள் விருப்பம்தான் சார்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பிள்ளைகளின் குறைந்தபட்ச வயது, எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, சிறுவர் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, இவையும் அதே அழைப்பில் முடிந்துவிடும்.

டியூபில் போவது கடினமான வித்தை அல்ல. பெரிய வண்டிச் சக்கரத்தின் உள் டியூப் மாதிரிதான், அதன் நடுவில் உட்கார்ந்து சாய்ந்துகொள்ள வேண்டும். கவிழ்ந்தால் மட்டும் ஒன்றை மறக்கக்கூடாது: ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால், இடுப்பளவு தண்ணீரே ஆளைச் சாய்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்கள் மேலே தெரியும்படி மிதந்தால் போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல்லாகக் கனக்கும். ரப்பர் செருப்பு முதல் வளைவிலேயே ஆற்றுக்குச் சொந்தம். தாலிக்கொடியைக் கழற்றமாட்டேன் என்னும் அத்தைமார்கள் அதை உள்ளே விட்டு லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொள்ளட்டும். மற்ற நகைகள் வீட்டிலேயே இருக்கலாம்.

குகைக்கு வருவோம். நம்மவர்களுக்குக் குகை என்றால் பத்துமலை, ஈப்போக்காரர்களுக்குக் கல்லுமலை. படியேறி, சாமி கும்பிட்டு, இறங்கிவிடுவோம். தெம்புரோங் வேறு மாதிரி. 'தெம்புரோங்' என்றால் தேங்காய்ச் சிரட்டை. உள்ளே இருக்கும் ஐந்து பெரிய கூடங்களின் கூரை கவிழ்த்த சிரட்டை போல இருப்பதால் வந்த பெயராம். கூரையிலிருந்து தொங்கும் கூம்புகளும் தரையிலிருந்து எழும் தூண்களும் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. தயவுசெய்து கை வைக்காதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் வளர்ச்சி நின்றுபோகலாம். ஒரு காலத்தில் இங்கே ஈயம் எடுத்தார்கள், அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பையன்கள் கேட்டு வாயைப் பிளப்பார்கள்.

சுற்றுகள் பல வகை. சுமார் 40 நிமிடத்தில் திரும்பிவிடும் காய்ந்த நடையும் உண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆற்றில் தவழ்ந்து வரும் சுற்றும் உண்டு. எல்லாச் சுற்றும் எல்லா நாளும் நடப்பதில்லை, முன்தினமே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சிறு பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் இருந்தால், படிக்கட்டும் விளக்கும் உள்ள காய்ந்த நடை போதும். ஈரச் சுற்று வேண்டுமானால் அதற்கென்று இன்னொரு நாளை ஒதுக்குங்கள். காலையில் டியூபில் நடுங்கிய பிள்ளையை மாலையில் குகைத் தண்ணீரில் இறக்குவது அநியாயம். மழை விஷயத்தில் குகை ஆறும் வெளி ஆறும் ஒன்றுதான். 2018 ஜூன் மாதம் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் வெளியே பெய்த மழையால்தான் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கடைசிச் சிறுவன் வெளியே வர ஜூலை 10 ஆகிவிட்டது. காப்பாற்றப் போன முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரையே விட்டார்.

எங்களை ஆறு கைவிட்ட அன்று நாங்கள் போனது அந்த 40 நிமிட நடைக்குத்தான். மாமா முன்னால் நடந்தார், யாரோடும் பேசவில்லை. பெரிய கூடத்துக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா!" என்றார். அதன் பிறகு படம் எடுக்கச் சொல்லி அவரே நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஆற்று நீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். மலாயில் 'கென்சிங் திக்குஸ்' என்பார்களே, அதுதான். உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் இறங்காமல் இருப்பது நல்லது, தண்ணீரை விழுங்கவும் கூடாது. காய்ச்சல் மறுநாளே வராது, பெரும்பாலும் ஓரிரு வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் ஆறு மறந்துபோயிருக்கும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால், கண் சிவந்தால், கிளினிக்கில் உட்கார்ந்ததும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: "டாக்டர், நாங்கள் ஆற்றுக்குப் போயிருந்தோம்." தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.