பிராது எண் பி0299

ஆழியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்தான் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. கீழே அணை வெயிலில் பளபளக்கிறது, சுற்றுலா வந்தவர்கள் சுவர் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். நான் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டிருக்கிறேன். வண்டி கேட்டால்தானே? பின்னால் தக்காளியும் வெங்காயமுமாக ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே லோடு. வால்பாறையில் மச்சானின் காய்கறிக் கடைக்கு வாரம் இரண்டு நடை அடிக்கும், மூன்று கை மாறி வந்த பழைய டர்போ டீசல் பிக்கப். இரண்டரை லிட்டர் இன்ஜின். மேட்டில் இப்படி மூச்சு வாங்கியதே இல்லை.

பின்னால் வந்த பஸ் என்னை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனது. படிக்கட்டில் நின்ற கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “ஏனுங்ணா, அது வண்டியா, செங்கச் சூளையா?”

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ரோடே தெரியவில்லை, அவ்வளவு கரும்புகை.

பொள்ளாச்சி திரும்பியதும், போனோடு இணைகிற தீப்பெட்டி அளவு ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினேன். பி0299 என்ற கோளாறுக் கோடு வந்தது. டர்போவின் காற்றழுத்தம் போதவில்லை என்று பொருள். முதலில் போன பட்டறையில் அதைக் காட்டியதும், பானெட்டைக்கூடத் திறக்காமல் தீர்ப்பு வந்துவிட்டது. “டர்போ போச்சுங்க. புதுசு போட்டா நாப்பதாயிரம் ஆகும்.” அந்தக் கோடு எண்ணை அழித்துவிட்டு அனுப்பினார்கள். இரண்டு நடை கழித்து அதே கோடு திரும்ப வந்தது.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. சமவெளியில் வண்டி நன்றாக ஓடுகிறது. காலி வண்டியில் உடுமலை போய்வந்தால் விளக்கும் இல்லை, புகையும் இல்லை. டர்போ செத்திருந்தால் அது மலையில் மட்டும் சாகுமா? பி0299 என்றுதான் வண்டி சொன்னது. ‘டர்போவை மாற்று’ என்பது பட்டறைக்காரர் சொன்னது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்க, இந்த எண்கள் எங்கே பிறந்தன என்று தேடப் போனேன்.

அவை பிறந்தது பட்டறையில் இல்லை, புகையில். 1943 ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரமே கண் எரிச்சலில் தவித்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். அந்தப் புகைமூட்டத்தின் மூலத்தைப் பிறகு கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மிட். நெதர்லாந்தில் பிறந்து கால்டெக்கில் வேலை பார்த்த வேதியியலாளர், அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் கக்குகிற ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வெந்து ஓசோனாக மாறுகின்றன என்று அவர் காட்டினார். பழ வாசனையை முகர்ந்துகொண்டிருந்தவரை ஊர்ப்புகையை முகரவைத்தது யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. கலிபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

அந்த வாரியம்தான், வண்டி தன் புகைக் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டது. 1988 மாடல் வண்டிகளிலிருந்து முதல் கட்டம். அப்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கனெக்டர், ஒரு கோடு பாஷை. 1996இல் அமெரிக்கா முழுக்க இரண்டாம் கட்டம் வந்தபோது எல்லாருக்கும் ஒரே பாஷை ஆனது. பதினாறு பின் கனெக்டர், அதுவும் ஓட்டுநர் பக்கம், ஸ்டியரிங்குக்கு எட்டின தூரத்தில். இந்தியாவில் பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம்.

எண்ணைப் பிரித்துப் படிப்பது சுலபம். ‘பி’ என்றால் இன்ஜினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த பூஜ்யம், இது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்கிறது. அங்கே ஒன்று இருந்தால் கம்பெனியின் சொந்தக் கோடு. மூன்றாவதாக வரும் இரண்டு, காற்றும் எரிபொருளும் அளந்து போகிற பக்கம். கடைசி 99 குறிப்பிட்ட புகார்.

புகார் என்றுதான் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டம் அந்த விளக்குக்கு வைத்த அளவு, பொதுவாக, அனுமதித்த புகையைப் போல ஒன்றரை மடங்கு. எந்தப் பாகம் உடைந்தது என்று அந்த அளவு சொல்லாது. ‘நான் இவ்வளவு அழுத்தம் கேட்டேன், இவ்வளவுதான் கிடைத்தது’ என்று கம்ப்யூட்டர் பிராது கொடுக்கிறது, அவ்வளவுதான். காணாமல் போனது என்ன என்று அதற்குத் தெரியும். எடுத்தது யார் என்று விசாரிக்க வேண்டியது நாம்.

விசாரிக்கத் தெரிந்தவர் ஆனைமலை ரோட்டில் கிடைத்தார். அறுபதைத் தாண்டிய மெக்கானிக். என் போனை அவர் வாங்கவே இல்லை. “கோடு கிடக்கட்டும் தம்பி. அது விழுந்தப்ப வண்டி என்ன பண்ணிட்டு இருந்துச்சு?”

அந்த விவரமும் உள்ளேயே இருந்தது. கோடு பதிவாகும் நொடியில் வண்டி இருந்த நிலையைக் கம்ப்யூட்டர் படம்பிடித்தது போல வைத்துக்கொள்கிறது. அவருடைய பெரிய ஸ்கேனரில் பார்த்தோம்: வேகம் 24, ஆர்பிஎம் 2,300, தண்ணீர்ச் சூடு 91, லோடு முழுசு. ஏற்றத்தில், இரண்டாவது கியரில், உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்த நேரம்.

பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, பூஸ்ட் சென்சார் என்ன சொல்கிறது என்று பார்த்தார். 98 கிலோபாஸ்கல். “இது பொள்ளாச்சிக் காத்து. இன்ஜின் ஓடாதப்ப வெளிக்காத்து எவ்வளவோ அதைத்தான் காட்டணும். வால்பாறைல இதே சாவியைப் போட்டா 90 கிட்ட நிக்கும். சென்சார் பொய் சொல்லலை.” முதல் பட்டறையில் சென்சாரையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அடுத்தது டர்போவே. எங்கள் டர்போவில் உள்ளே இறக்கைகள் திரும்பும். அவற்றைத் திருப்புவது ஒரு வேக்கம் டப்பா. டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டியைப் போல வேக்கம் தானாகக் கிடைக்காது. அதற்கென்று ஆல்டர்னேட்டரின் வாலில் ஒரு சின்ன பம்ப் ஓடுகிறது. டப்பாவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைப் பிடுங்கி, கைப்பம்பால் இழுத்தார். கம்பி மெதுவாக மேலே ஏறியது, அப்படியே நின்றது. பம்பின் முள்ளும் இறங்கவில்லை. டயாபிரம் கிழியவில்லை, இறக்கைகள் கரி பிடித்து இறுகவும் இல்லை. பில்டர் பக்க ஹோஸைக் கழற்றி, டர்போ விசிறியை விரலால் சுற்றி ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை.

நாற்பதாயிரம் ரூபாய் அங்கே மிச்சமானது.

அப்போதுதான் ஷெல்ஃபிலிருந்து அந்தச் சாமானை எடுத்தார். இரண்டரை இன்ச் பிவிசி பைப்பின் மூடி, நடுவில் ஓட்டை, ஓட்டையில் டியூப்லெஸ் டயர் வால்வு. டர்போ வாயில் அதைச் செருகிக் கிளிப் போட்டு முறுக்கினார். பிரீதர் குழாயைத் துணியால் அடைத்தார். பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரசர் ஹோஸை இழுத்து வந்து, பதினைந்து பவுண்டு காற்று ஏற்றினார். பட்டறைப் பையன் சோப்பு நுரையை இன்டர்கூலர், குழாய், கிளிப் எல்லாவற்றின் மேலும் பிரஷ்ஷால் பூசினான். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் கடப்பாரையை எடுத்து, சேஸிஸில் மரக்கட்டை வைத்து, இன்ஜினை ஒரு பக்கமாக லேசாக நெம்பினார்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். இன்டர்கூலருக்குப் போகும் கீழ் ஹோஸின் வயிற்றில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நுரை பொங்கிக்கொண்டு வந்தது. கையை எடுத்தார், நின்றது. திரும்ப நெம்பினார், பொங்கியது. ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தால் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். நேராகப் பிடித்தால் உதடு மூடிக்கொள்கிறது. அதனால்தான் சமவெளியில் வண்டி சாதுவாக இருந்திருக்கிறது. மேட்டில் இன்ஜின் முறுக்கி இழுக்கும்போது வாய் திறந்திருக்கிறது. டர்போ அமுக்கிய காற்று வழியிலேயே வெளியேற, டீசல் மட்டும் வழக்கம்போல உள்ளே போய் அரைவேக்காடாக எரிந்திருக்கிறது. கண்டக்டர் சொன்ன செங்கச் சூளை அதுதான். கோடு வருவதற்கு முன்பே நோயை அவர் சொல்லிவிட்டார், கட்டணமும் கேட்கவில்லை.

புது ஹோஸ் வாங்கக் கிளம்பியவனை மெக்கானிக் நிறுத்தினார். “இதை மாத்தினா ஆறு மாசத்துல அதுவும் கிழியும். ரப்பர் தானாவா கிழிஞ்சுது? எதுலயோ உரசியிருக்கு.” டார்ச் அடித்துக் காட்டினார். ஹோஸுக்குக் கீழே ஒரு பிராக்கெட்டின் விளிம்பு, பெயின்ட் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னியது. ஹோஸ் அதன் மேல் வந்து உட்காரக் காரணம் இன்ஜின் அந்தப் பக்கம் இறங்கியிருந்ததுதான். இன்ஜின் இறங்கக் காரணம், அதைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் அமுங்கிப் போனது. பழைய மவுண்டைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வைத்தார். ஒரு விரற்கடை வித்தியாசம்.

“இதுக்கு என்ன நம்பருங்ணா?” என்று கேட்டேன்.

“இதுக்கு நம்பர் இல்லை தம்பி. இதுக்கு சென்சாரே கிடையாதே.”

இந்த முறை கோடு எண்ணை அவர் அழிக்கவில்லை. கோளாறு தீர்ந்திருந்தால், தொடர்ந்து மூன்று ஓட்டம் சுத்தமாகப் போனதும் விளக்கு தானே அணையும், அதுதான் சரியான சாட்சி என்றார். கோடு மட்டும் உள்ளே தங்கும். இன்ஜின் நாற்பது முறை சூடேறி ஆறின பிறகுதான் அதுவும் போகும். வால்பாறைக்கும் நாற்பது வளைவுதான். அடுத்தடுத்த நடைகளில் ஒன்பதாவது வளைவைத் தாண்டும்போதெல்லாம் கண் டேஷ்போர்டிலேயே இருந்தது. இரண்டாவது வாரம், தக்காளி லோடோடு காலையில் ஆழியாறில் டீ குடித்துவிட்டுச் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைந்தன. மஞ்சளும் அவற்றோடு சேர்ந்து அணைந்தது.