அச்சுக்கூடமும் ஒரு பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே மனிதனுக்கு வாய்த்த கல்வி தொழிற்களத்துக் கல்வியாகும். தச்சனின் பட்டடையும் கொல்லனின் உலைக்களமும் குயவனின் சக்கரமுமே அன்றைய வகுப்பறைகள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவர் கைக்கு மாறி, 1938ஆம் ஆண்டிலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பலின் பலகைகளை இணைத்து நின்றவை ஆணிகள் மட்டுமல்ல. கடற்கரை மணலிலே மேத்திரியின் கையிலிருந்து மாணாக்கன் கைக்குத் தலைமுறை தலைமுறையாகச் சென்ற அறிவும் அவற்றை இணைத்து நின்றது.

அத்தகைய கல்வி இன்று எவ்வாறு மாறியுள்ளது? அது மாறியபோது தொழிலாளி பெற்றது யாது, இழந்தது யாது? இவ்வினாக்களைப் பொதுப்படப் பேசுவதினும் ஒரு தொழிலை எடுத்து நோக்குவதே தெளிவு தரும். நூலோடு வாழ்வோர் நாள்தோறும் பயன்கொண்டும் பெரும்பாலும் எண்ணிப் பாராத தொழில் ஒன்றுண்டு. அதுவே அச்சுத் தொழில்.

யாழ்ப்பாணத்திலே அச்சுத் தொழில் எளிதில் வேரூன்றவில்லை. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரிமாருக்குத் துணையாக 1820இல் வந்த அச்சாளர் காறெற் என்பவரை, அன்றைய ஆட்சியாளர் பாண்ஸ் தீவில் இருக்க அனுமதிக்கவில்லை. 1834இலேயே மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் இயங்கத் தொடங்கிற்று. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலே, ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி அச்சேறிற்று. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். மதத்தால் எதிரெதிர் நின்ற இவ்விரு அச்சகங்களும் ஒரு வகையில் ஒன்றுபட்டன. இரண்டிலும் எழுத்தைக் கோத்த கைகள் இவ்வூர்க் கைகளே. அக்கைகள் தம் கலையை அச்சுக்கூடத்திலேயே கற்றன. அதே மானிப்பாயில், 1847இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் நோயாளரின் அருகே வைத்தே தம் மாணவருக்கு மருத்துவம் பயிற்றினார் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. வேலையும் கல்வியும் அக்காலத்தில் இரு வேறு கட்டடங்களில் வாழவில்லை.

இம்மரபின் பிற்காலத்து வாரிசுகளுள் ஒருவராக, யாழ்ப்பாண நகரத்து அச்சகம் ஒன்றில் முதுமை எய்திய ஓர் அச்சுக்கோப்பாளரைக் கொள்ளலாம். 1960களின் நடுப்பகுதியிலே, எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பதினான்கு வயதுச் சிறுவனாக அவர் அங்கே நுழைந்தார். முதல் மூன்று திங்களும் அவருக்கு எழுத்துக் கோக்கும் வேலை தரப்படவில்லை. காலையில் நிலத்தைக் கூட்டுதல், கூட்டிய குப்பையிலிருந்து சிதறிய ஈய எழுத்துகளைப் பொறுக்குதல், அச்சிட்டு முடிந்த பக்கத்தைப் பிரித்து ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் மீண்டும் இடுதல் ஆகியவையே வேலை. ஊதியம் தேநீரும் பேருந்துச் செலவுமே.

இதனை வீண்வேலை என்று அச்சிறுவன் எண்ணினான். ஒருநாள் துணிந்து கேட்டும் விட்டான்.

“எப்ப ஐயா எனக்குக் கோக்கப் பழக்குவியள்?”

மூத்த அச்சுக்கோப்பாளர் தலையை நிமிர்த்தாமலே, “இப்ப பழகிக்கொண்டுதானே இருக்கிறாய், தம்பி” என்றார்.

அம்மறுமொழியின் பொருள் பின்னரே விளங்கிற்று. தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் கி, கீ, கு, கூ முதலிய வரிசைகள் பெரும்பாலும் தனித்தனி வார்ப்புகளாய் அமைந்தன. ஏனையவை கொம்பு, கால் முதலியவற்றைச் சேர்த்து ஆக்கப்பட்டன. இவற்றோடு கிரந்த எழுத்துகள், எண்கள், நிறுத்தக் குறிகள், சொல்லுக்குச் சொல் இடும் வெற்று ஈயத் துண்டுகள் என அறைப்பெட்டி ஒரு சிறு நகரம் போன்றது. அடிக்கடி வேண்டும் எழுத்துக்குக் கைக்கெட்டும் பெரிய அறை. அருகி வருவதற்கு ஓரத்துச் சிறிய அறை. எழுத்தைத் திரும்ப இட்டு இட்டுப் பழகியவனுக்கே அந்நகரத்தின் தெருக்கள் கண்ணை மூடினாலும் தெரியும். பிரித்தல் என்பதே முதற் பாடம். அதனைப் பாடமென்று சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவே.

அதன்பின் கையடக்கமான இரும்புச் சட்டம் தரப்பட்டது. இடக்கையில் சட்டம், வலக்கையில் எழுத்து. ஈய எழுத்தின் முகம் கண்ணாடியிற் காணும் உருவம் போல் இடம்வலம் மாறியிருக்கும். வரியோ தலைகீழாக இடமிருந்து வலமாக வளரும். எழுத்தின் உடலிலுள்ள சிறு பள்ளத்தை விரல் தடவியே அதன் மேல் கீழ் அறிதல் வேண்டும். ‘கெ’ என்று கோக்க முதலிற் கொம்பை எடுத்து, அதன் பின்னரே ககரத்தை எடுக்க வேண்டும். வரியின் முதலில் ஒற்றெழுத்து வரலாகாது. வரி நிறையாவிடின் சொல்லிடை வெளியைச் சமமாகப் பங்கிடல் வேண்டும். இவை எவையும் எழுதப்பட்ட விதிகளல்ல. தவறு செய்தபோது மூத்தவரின் விரல் அந்த இடத்தைச் சுட்டும், அதுவே பாடநூல்.

அச்சிறுவன் மறுபடியும் படிக்கத் தொடங்கியதும் அங்கேதான். பள்ளியைவிட்டு வந்தவன், கோவில் மலர்களையும் கல்வெட்டு நூல்களையும் கவிதைத் தொகுதிகளையும் தலைகீழாகப் படித்தே தமிழை அறிந்தான். சந்தியும் புணர்ச்சியும் அவனுக்கு இலக்கண நூலிலிருந்து வரவில்லை. ஒற்று விட்ட இடத்தில் மற்றொரு முறை வரியைப் பிரிக்க நேர்ந்த துன்பத்திலிருந்து வந்தன. பத்தாண்டு சென்றபின், கையெழுத்துப் படியிலுள்ள பிழையைப் பண்டிதர்க்கே பணிவாக எடுத்துக் காட்டும் அளவிற்கு அவர் உயர்ந்தார்.

இவ்வளவையும் கேட்டுப் பழைய முறையைப் பொற்காலமென்று கொண்டாடுதல் தகாது. அச்சிறுவன் உள்ளே நுழையுமுன் அவனிடம் கேட்கப்பட்டது அவன் என்ன அறிவான் என்பதன்று. அவன் யாருடைய மகன் என்பதே. தந்தையை முதலாளி அறிந்திருந்தமையால் கதவு திறந்தது. அறியப்படாத குடியிற் பிறந்தவனுக்கு அதே கதவு திறந்திருக்குமா? பெண்பிள்ளை ஒருத்தி அறைப்பெட்டியின் அருகே நின்று எழுத்துக் கோப்பதை அவ்வச்சகம் எண்ணியும் பார்க்கவில்லை. கற்பிப்பதும் கற்பியாது விடுவதும் மூத்தவரின் விருப்பம். தொழிலின் நுட்பம் ஒன்றிரண்டைத் தமக்கென மறைத்து வைத்துக்கொள்வோரும் இருந்தனர். எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டால் தமக்கு அங்கே என்ன இடம் என்ற அச்சம் அவர்களுக்கு. கற்றதற்குச் சான்று கேட்டால் காட்டுவதற்குக் கைகள் மட்டுமே. அக்கைகளிலும் ஈயத்தின் நஞ்சு நாள்தோறும் படிந்தது.

இக்குறைகளை அரசு முற்றாக உணராமலிருக்கவில்லை. 1971இல் தேசிய தொழில் பயிலுநர் சபை உருவாக்கப்பட்டபோது, பயிலுநர் என்னும் நிலைக்குச் சட்டத்தின் ஏற்பு கிடைத்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலைக் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் புதிய அமைப்புகளைத் தந்தது. எனினும் கொழும்பிலே சட்டங்கள் இயற்றப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்து அச்சகங்கள் வேறொரு கல்வியைக் கற்றுக்கொண்டிருந்தன. 1981 மே 31ஆம் நாள் இரவிலும் அடுத்த நாளிலும் மூண்ட தீயில், ஏறக்குறைய 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகமும், ‘ஈழநாடு’ பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தன. 1990இன் பின் மின்சாரமும் தாளும் மையும் அரிதாயின. மாணவர் எழுதும் கொப்பித்தாளிலும் செய்தித்தாள்கள் அச்சாயின. மின்சாரமில்லாத இயந்திரத்தைக் கையால் இயக்கவும், இருக்கும் மையை நீட்டிப் பயன்படுத்தவும், எந்தத் தாளுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணிக்கவும் அக்காலத்துத் தொழிலாளர் தாமே கற்றனர். அதற்கு ஆசிரியருமில்லை; மூத்தவருமில்லை. தேவையே ஆசானாயிற்று.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நம் அச்சுக்கோப்பாளர் உடுபுடவைகளோடு எடுத்துச்சென்ற தொழிற்பொருள் ஒன்றே ஒன்று: அந்த இரும்புச் சட்டம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது அறைப்பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. முப்பதாண்டுகளாக அவரவர் அறையில் வாழ்ந்த எழுத்துகள் நிலத்திலே ஒரு குவியலாய்க் கிடந்தன. அவர் சிறுவனாய் இருந்தபோது செய்த முதல் வேலையை மீண்டும் செய்தார்: குனிந்து பொறுக்கினார். ஆனால் அவ்வெழுத்துகளுக்கு இனி நெடுநாள் வேலை இருக்கவில்லை. சில ஆண்டுகளிலே அச்சகத்திற்குக் கணினி வந்தது. ஈயம் எடைக்கு விற்கப்பட்டது.

கணினியை இயக்க வந்தவள் இருபத்திரண்டு வயதுப் பெண். ஆறு மாதப் பயிற்சி பெற்றுச் சான்றிதழோடு வந்தவள். ஐம்பதை அண்மித்தவருக்கு அவளிடம் கற்பதா, வீட்டிற்குப் போவதா என்ற இரண்டே வழிகள் இருந்தன. முப்பதாண்டுகளாகப் பிறர் தவறைச் சுட்டிய விரல், விசைப்பலகையின் மேலே வழி தெரியாது நின்றது. அந்த நிலையின் வேதனையை ‘மீள்பயிற்சி’ என்ற ஒரு சொல்லாற் கடந்து போதல் எளிது. அனுபவித்தவர்க்கு அது எளிதன்று. முதல் வாரத்தில் ஒரு முழுப் பக்கத்தைத் தட்டி முடித்த வேளையில் மின்சாரம் நின்றது. பக்கம் மறைந்துபோயிற்று.

“பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா சேமிச்சு வையுங்கோ ஐயா” என்றாள் அவள்.

“ஈயத்தில கோத்த பக்கம் கரன்ற் போனா மறையாது, பிள்ளை” என்றார் அவர். சிறிது நேரங்கழித்துத் தாமே சிரித்தார்: “கையிலயிருந்து விழுந்தா மட்டும் போகும்.”

எனினும் அவர் அஞ்சிய அளவிற்கு எல்லாம் புதிதாய் இருக்கவில்லை. ஈழத்து அச்சகங்களில் அன்று பரவியிருந்த பாமினி எழுத்துருவிலே, கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலேயே தட்ட வேண்டும். ‘கெ’ வேண்டின் முதலிற் கொம்பு, பின்னர் ககரம். ஈயப் பெட்டியில் முதலிற் கொம்பை எடுத்த கை, திரைக்கும் அதே ஒழுங்கைக் கொண்டு வந்தது. அவருடைய பழைய அறிவு முற்றாகச் செல்லாக்காசாகவில்லை என்று அக்கொம்பே அவருக்குச் சான்று பகர்ந்தது.

மேலும் ஒன்று நிகழ்ந்தது. கணினி அவ்வெழுத்துருவைத் தமிழாக அறியாது. ஆங்கில எழுத்துகளின் வரிசையாகவே அதனைக் கருதும். ஆதலின் சிலவேளை வரியின் கடைசியிற் கொம்பை விட்டு, எழுத்தை அடுத்த வரிக்குத் தள்ளிற்று. சிலவேளை புள்ளி பெற்ற ஒற்றை வரியின் முதலிலே நிறுத்திற்று. அவளுக்கு அதிற் குறை தெரியவில்லை. அவளுடைய பயிற்சி நிலையம் அதனைக் கற்பிக்கவில்லை. முதியவர் திரையின் மேலே விரலை வைத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்கு விளங்கிற்று. அன்று தொடங்கி அம்மேசையில் இரு ஆசிரியரும் இரு மாணவரும் இருந்தனர். ஆட்கள் மட்டும் இருவரே.

தொழிற்களத்துக் கல்வி காலப்போக்கில் மாறுகின்றது என்பதன் உண்மைப் பொருள் இக்காட்சியில் அடங்கியுள்ளது. முன்னர் அறிவு வயதைப் பின்பற்றி மேலிருந்து கீழே இறங்கிற்று. இன்று அது இரு திசையிலும் ஓடுகின்றது. முன்னர் கதவைத் திறந்தது குடியும் உறவும். இன்று சான்றிதழ் திறக்கின்றது. அக்கதவால் அப்பெண் உள்ளே வந்தாள் என்பதனாலேயே சான்றிதழின் பெருமையை ஏற்றல் வேண்டும். இலங்கையில் இன்று நடைமுறையிலுள்ள தேசிய தொழிற்றகைமை முறை ஏழு படிகளைக் கொண்டது. பள்ளியிற் கற்காது வேலையிலே கற்றவரும் தம் முன்னறிவை மெய்ப்பித்துச் சான்றிதழ் பெற அதில் வழியுண்டு. கைகளையன்றி வேறு சான்றில்லாத தலைமுறைக்கு இது காலந்தாழ்த்திக் கிடைத்த நீதி. பின்னாளிற் பயிற்சி நிலையம் ஒன்றில் தானே போதனாசிரியையாய் அமர்ந்த அப்பெண், முதியவரை அதற்கு விண்ணப்பிக்குமாறு தூண்டியதுண்டு. “இனி ஆருக்கு உதைக் காட்டப்போறன், பிள்ளை?” என்று அவர் மறுத்துவிட்டார்.

ஆயினும் சான்றிதழ் அளக்க முடியாத ஒன்று எஞ்சுகின்றது. வரியின் முதலில் ஒற்று வரலாகாது என்பதனை ஒரு விதியாக எழுதிவிடலாம். இன்றைய மென்பொருளுக்கும் அதனைக் கற்பித்துவிடலாம். ஒருங்குறியிலே மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுவதால், கொம்பு தனித்து நிற்கும் தொல்லையும் தீர்ந்தது. அதனோடு முதலிற் கொம்பை எடுத்த கையின் பழக்கமும் விடைபெறுகின்றது. அது வருந்தத் தக்கதன்று. வருந்தத் தக்கது வேறொன்று. பிழையைக் கண்டதும் மனம் பொறாமை, பிறர் நூலைத் தன் நூலாக எண்ணி மீண்டும் ஒருமுறை வாசித்தல், இளையவன் கேட்குமுன் அவன் தடுமாறும் இடத்தை அறிதல் ஆகியவை பாடத்திட்டத்தின் எந்த அலகிலும் இடம்பெறுவதில்லை. அவை ஒருவர் அருகே ஒருவர் நெடுநேரம் இருந்தாலன்றி வருவன அல்ல. எழுத்துப் பிழையை இயந்திரமே திருத்தும் இக்காலத்தில், தொடக்கநிலைத் தொழிலாளியிடமிருந்து முதலிற் பறிக்கப்படுவது அவனுடைய சிறு வேலைகளே. நிலத்தைக் கூட்டி எழுத்துப் பொறுக்கிய மூன்று திங்களும் நீக்கப்பட்டுவிட்டால், பெட்டியின் தெருக்களை அவன் எங்கே அறிவான்?

இதற்கு விடை பழமைக்குத் திரும்புதலன்று. கதவு அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். உள்ளே வந்தவர் அருகே அமர ஒருவரும் இருத்தல் வேண்டும். முதலாவதைச் சட்டமும் சான்றிதழும் தரலாம். இரண்டாவதைத் தர வல்லவர் தொழிலறிந்த மனிதரே. பயிலுநரின் நேரத்தையும் மூத்தவரின் நேரத்தையும் வீண்செலவெனக் கணக்கெழுதும் நிறுவனம், தன் எழுத்துகளைத் தானே எடைக்கு விற்கின்றது.

எழுபதைக் கடந்த அம்முதியவரின் வீட்டு மேசையில் அவ்விரும்புச் சட்டம் இன்றும் கிடக்கின்றது. அதில் எழுத்துகள் இல்லை. பேரப்பிள்ளைகள் அதனை அடிமட்டமாகக் கொண்டு கொப்பியில் கோடு கீறுகின்றனர். கோடு கோணும்போது, அவர் ஒன்றும் பேசாது விரலால் அந்த இடத்தைச் சுட்டுகின்றார்.