அம்மாவும் காத்தாடி பிளேனும்

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கிற கேள்வி: "என்ன சார், இந்த வயசுல வீடியோ கேமா?" கேம் இல்லை சார், ஃப்ளைட் சிமுலேட்டர் என்று சொன்னால், "ஓஹோ" என்று ஒரு இழுவை. அதோடு காபி வந்துவிடும், பேச்சு மாறிவிடும். அவர்களுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லக்ஷ்மிபாய் நகர் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தென் டில்லியில் சரோஜினி நகருக்கும் ஐ.என்.ஏ மார்க்கெட்டுக்கும் இடையில் இருக்கிற அரசு ஊழியர் குடியிருப்பு. டில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இங்கேயே இருக்கிறது. முருங்கைக்காயும் சேனைக்கிழங்கும் ஐ.என்.ஏவில் கிடைத்துவிடும். ஆக, ஊரை விட்டு வந்த தமிழனுக்கு வேண்டிய இரண்டும் நடக்கிற தூரத்தில்!

மூன்றாவதாக ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. சஃப்தர்ஜங் விமானதளம். 1929-இல் வெலிங்டன் பிரபு பெயரில் இல்லை, வில்லிங்டன் பிரபு பெயரில் (நிறையப் பேர் இதில் குழம்புவார்கள்) தொடங்கிய பழைய ஏரோடிரோம். பெரிய விமானங்கள் பாலத்துக்குப் போன பிறகும் டில்லி ஃப்ளையிங் கிளப்பின் குட்டி விமானங்கள் இங்கே பறந்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் நடந்ததற்குப் பிறகு, பாதுகாப்பு காரணமாக 2002 ஜனவரியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஓடுபாதை மட்டும் ஊமையாகக் கிடக்கிறது.

சிமுலேட்டரில் மட்டும் அதற்கு இன்னும் உயிர் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல், வீடு அடங்கின பிறகு, நான் அங்கிருந்து ஒரு செஸ்னா கேரவானைக் கிளப்புவேன். எழும்பினதும் எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடிகள் கீழே தெரியும். என் தாழ்வாரத்தில் காயப்போட்ட துணி தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜெட்டை விட்டுவிட்டு எதற்கு டர்போபிராப்? (எட்டாவது படிக்கிற என் பெண் கேட்ட கேள்வி.)

டர்போபிராப் என்றால் உள்ளே ஜெட் எஞ்சின், வெளியே விசிறி. எஞ்சினுக்குள் எரிகிற வாயு ஒரு டர்பைனைச் சுற்றுகிறது. டர்பைன் கியர்பாக்ஸ் வழியாக விசிறியைச் சுற்றுகிறது. பின்பக்கம் வெளியேறும் புகை கொடுக்கிற தள்ளுவிசை ரொம்பக் கொஞ்சம். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதால், குறைந்த தூரம் போக எரிபொருள் மிச்சம். நீளமான ஓடுபாதையும் தேவையில்லை. அதனால்தான் சின்ன ஊர்களுக்கு வருவதெல்லாம் இந்த விமானம். 2018-இல் சேலத்துக்கு மறுபடி சேவை வந்தபோது வந்தது ஏ.டி.ஆர் 72. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்குப் போனதும் ஏ.டி.ஆர்தான்.

எங்கள் ஊர்ப்பக்கமும் அப்படித்தான். தூத்துக்குடி விமான நிலையம் இருப்பது வாகைக்குளத்தில். பல வருஷம் அதன் ஓடுபாதை 1,350 மீட்டர்தான். ஏ.டி.ஆர் 72 முழு எடையோடு எழும்பச் சுமார் 1,300 மீட்டர் வேண்டும். கணக்கைப் பார்த்தீர்களா? அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. 2023 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஏ.டி.ஆர் வந்ததும் வாங்கிப்போட்டேன். நேரு பிளேஸில் பழைய த்ராட்டில் லீவர் செட் ஒன்றும் பிடித்தேன். சென்னையிலிருந்து வாகைக்குளம், வாகைக்குளத்திலிருந்து சென்னை. தினமும் இதே வேலை. வீட்டம்மா, "லீவு எடுக்காம டெய்லி ஊருக்குப் போய்ட்டு வர்ற ஒரே கவர்ன்மென்ட் ஸ்டாஃப் நீங்கதான்" என்றாள்.

நிற்க.

அம்மா இருப்பது ஸ்ரீவைகுண்டத்தில். அப்பா போன பிறகு தனியாக. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், வீட்டுப்படி இறங்குவதே பெரும்பாடு. டில்லியில் அறுவை சிகிச்சைக்கு டாக்டர் தேதி கொடுத்துவிட்டார், 2023 செப்டம்பர். கூட்டிக்கொண்டு வருவதுதான் பிரச்சினை. திருக்குறள் எக்ஸ்பிரஸ் என்றால் இரண்டு ராத்திரி, அந்த முட்டியோடு ரயில் கழிப்பறை. மதுரைக்குப் போய் ஜெட் பிடிக்கலாம் என்றால் மூன்று மணி நேரம் காரில் காலை மடக்கி உட்கார வேண்டும். வாகைக்குளம் அரை மணி நேரம்தான். அங்கே ஏறி, சென்னையில் ஜெட் மாறினால் அன்றைக்கே டில்லி.

ஆனால் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "செத்தாலும் அந்தக் காத்தாடி பிளேன்ல ஏற மாட்டேன்."

காரணம் உண்டு. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தில் பொக்கராவில் இறங்கப்போன ஏ.டி.ஆர் 72 விழுந்து, அதில் இருந்த 72 பேரும் போய்விட்டார்கள். விமானத்துக்குள்ளிருந்து ஒருவர் எடுத்த வீடியோ எல்லார் செல்போனுக்கும் வந்தது. அம்மாவின் போனுக்கும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று நானும் தம்பியும் மாறி மாறிச் சொன்னோம். அந்த வாக்கியத்தால் உலகத்தில் யாருக்காவது பயம் போயிருக்கிறதா, சொல்லுங்கள்?

என் பெண்தான் வழி கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சிக்கு வீடியோ கால் போட்டு, போனை மானிட்டர் பக்கம் திருப்பி வைத்தாள். "ஆச்சி, இங்க பாருங்க. நம்ம ஊர்லேருந்து கிளம்பறோம்."

அன்றிலிருந்து ஒரு மாதம், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் விமான சேவை நடந்தது. நான் பைலட், பெண் கோ-பைலட், ஆச்சி ஒரே பயணி. வாகைக்குளத்தில் கிளம்பினதும் ஒரு பக்கம் தாமிரபரணி, ஒரு பக்கம் கடலோரம் உப்பளம். "அணைக்கட்டு தெரியுதா பாருல" என்று அம்மா கேட்பாள். தெரியாவிட்டாலும் தெரிகிறது என்பாள் என் பெண்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அம்மாவுக்குப் பயம் உயரம் இல்லை, சத்தம். ஏ.டி.ஆரில் சத்தம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெயர் வைத்துச் சொல்லிக் கொடுத்தோம்.

ஒன்று: நிற்கும்போதே வலது எஞ்சின் ஓடும், ஆனால் அதன் விசிறி சுற்றாது. பிரேக் போட்டு வைத்திருப்பார்கள். மின்சாரத்துக்கும் ஏசிக்கும் அந்த எஞ்சின் வேண்டும். இதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர்.

இரண்டு: எழும்பும்போது விசிறி முழு வேகத்தில், நிமிஷத்துக்கு 1,200 சுற்று. கொஞ்ச உயரம் போனதும் பைலட் ஏறுமுக நிலைக்கு மாற்றுவார், விசிறி 82 சதவீதத்துக்கு இறங்கும். சத்தம் சட்டென்று தணியும். எஞ்சின் நின்றுவிட்டது என்று பாதிப் பேர் சாமி கும்பிடுவது இந்த நேரத்தில்தான்.

மூன்று: தரையைத் தொட்டதும் ஒரு பெரிய உறுமல். விசிறியின் இலைகள் திரும்பி, காற்றை முன்பக்கமாகத் தள்ளி, வேகத்தைக் குறைக்கின்றன.

"இலை திரும்புமா?" என்றாள் அம்மா. பக்கத்தில் கிடந்த பனை விசிறியை எடுத்து வீசிப் பார்க்கச் சொன்னேன். அகலப்பக்கம் வீசினால் காற்று வரும். விளிம்புப்பக்கமாக வீசினால் வராது. விமானத்து விசிறியும் இப்படித்தான். சுற்றுகிற வேகம் மாறாமல், இலையின் சாய்வை மாற்றியே வேண்டிய இழுவையைக் கொடுக்கிறது. ஒரு எஞ்சின் கெட்டுப்போனால் அந்த விசிறியின் இலைகளை விளிம்பு காற்றைப் பார்க்கிற மாதிரி திருப்பிவிடுவார்கள், முட்டுக்கட்டை ஆகாமல் இருக்க. ஃபெதர் செய்வது என்பார்கள்.

அம்மா விசிறியைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு நேராகக் கேட்டாள்: "நேபாளத்துல என்ன ஆச்சு?"

மழுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. பிப்ரவரியில் வந்த முதல்கட்ட அறிக்கையில் இருந்ததைச் சொன்னேன். இறங்கப்போகிற நேரத்தில் இரண்டு விசிறியும் ஒரே சமயத்தில் விளிம்புப்பக்கம் திரும்பிவிட்டன.

"அப்போ இஞ்சின்?"

"ஓடிக்கிட்டுதாம்மா இருந்துது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கும்லா, பாவம்" என்றாள். அப்புறம், "எப்படில திரும்பும்?" என்றாள்.

ஏ.டி.ஆர் காக்பிட்டின் நடுவில் பவர் லீவர், அதற்குப் பக்கத்தில் விசிறியின் நிலையை மாற்றுகிற கண்டிஷன் லீவர், அதற்கும் பக்கத்தில் இறக்கையின் மடிப்பை இறக்குகிற ஃபிளாப் லீவர். கேமராவை நெருக்கமாகக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உப்பு டப்பாவும் சீனி டப்பாவும் பக்கத்துல பக்கத்துல வச்ச மாதிரி இருக்கு. கை மாறத்தான் செய்யும். அதுக்குத்தானே ரெண்டு பேரு? ஒருத்தன் கைய இன்னொருத்தன் பாக்காண்டாமா?"

அன்று ராத்திரி நான் மட்டும் உட்கார்ந்து, சிமுலேட்டரில் அதைச் செய்து பார்த்தேன். ஆயிரம் அடி உயரத்தில் இரண்டு கண்டிஷன் லீவரையும் ஃபெதருக்கு இழுத்தேன். விழவில்லை, அலறவில்லை. வேகம் மட்டும் கரைந்துகொண்டே போனது. பவர் லீவரை முன்னால் தள்ளினால் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் தெரிந்த எனக்கே கை பக்கத்து லீவருக்குப் போக மறுத்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெகுநேரம் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். அதை அம்மாவிடம் காட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவே சொன்னாள், "டிக்கெட் போட்டுரு. ஆனா நீ வந்து கூட்டிட்டுப் போகணும்."

போனேன். ஆகஸ்ட் கடைசி வாரம். ஏ.டி.ஆரில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக. தரைக்கும் கதவுக்கும் அதிக உயரமில்லை என்பதால் முட்டிக்கும் பெரிய சோதனை இல்லை. ஜன்னல் ஓரம் வேண்டாம் என்றவள் ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். விமானம் எழும்பியது. சிமுலேட்டரில் நூற்றுக்கணக்கான தடவை இறக்கி ஏற்றின நான் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தேன். ஆறு மாதமாக அந்த அறிக்கைகளைப் படித்தவன் ஆயிற்றே! சத்தம் சட்டென்று தணிந்தது. முன் சீட்டில் ஒரு அம்மாள் "முருகா" என்று கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

என் அம்மா முன்னால் குனிந்து, அவர் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "பயப்படாதீங்க. ஏறியாச்சு, சத்தத்தக் கொறைக்கான். அவ்வளவுதான்."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. லக்ஷ்மிபாய் நகர் பார்க்கில் வாக்கரோடு நடக்க ஆரம்பித்திருந்த டிசம்பரில், பொக்கரா விபத்தின் இறுதி அறிக்கை வந்தது. ஃபிளாப் லீவருக்குப் பதிலாகக் கண்டிஷன் லீவர்கள் இழுக்கப்பட்டிருக்கின்றன, இருவருமே அதைக் கவனிக்கவில்லை. படித்துச் சொன்னேன். "நான் சொல்லலியா" என்று அம்மா சொல்லவில்லை. "72 பேரு" என்றாள், அவ்வளவுதான்.

1929-இல் எட்வின் லிங்க் என்கிற அமெரிக்கர், ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளை வைத்து ஒரு பயிற்சி சிமுலேட்டரைச் செய்தார், தரையிலேயே விமானம் பழக. என் மேஜையில் இருப்பது யாருக்கும் லைசென்ஸ் வாங்கித் தராது. ஆபத்தே இல்லை என்று பொய்யும் சொல்லாது. என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று சொல்லும். எங்கள் வீட்டில் அது போதுமானதாக இருந்தது. உங்கள் ஊரிலும் ஒரு அம்மாவோ அப்பாவோ இப்படிப் பிடிவாதமாக இருந்தால், "ஒண்ணும் ஆகாது" என்பதை விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தங்களைச் சொல்லிப் பாருங்கள்.

2025 ஜூலையில் வாகைக்குளத்தில் புதிய முனையம் திறந்தார்கள். ஓடுபாதையையும் 3,115 மீட்டராக நீட்டியாயிற்று. இனிமேல் பெரிய ஜெட்டே இறங்கலாம் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அதுல ஜன்னல்ல பாத்தா ஆறு தெரியுமால?" என்று கேட்டாள்.